மலையேற்றத்தில் தெரியும் பம்பின் அளவு

கார் இன்ஜின் குளிரூட்டும் பிரிவில் வேலை செய்பவர்களிடம் முதலில் கேட்கப்படும் கேள்வி, தண்ணீர் பம்ப் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் தள்ள வேண்டும் என்பதுதான். 75 கிலோவாட் பெட்ரோல் இன்ஜின் ஒன்று 5500 ஆர்பிஎம்மில் முழுத் திறனுடன் ஓடும்போது, அதைக் குளிர்விக்கச் சுற்றிவரும் திரவமான கூலன்ட்டில் சேரும் வெப்பத்தைச் சுமார் 50 கிலோவாட் எனக் கொள்ளலாம். தண்ணீரும் கிளைகோலும் (glycol) சரிபாதி கலந்த கூலன்ட்டின் தன்வெப்பம், அதாவது ஒரு கிலோவை ஒரு டிகிரி சூடாக்கத் தேவையான வெப்பம், ஏறத்தாழ 3.6 கிலோஜூல்; இன்ஜினுக்குள் அதன் சூடு 7 டிகிரிக்கு மேல் ஏறக்கூடாது என்றால், நிமிடத்துக்கு ஏறக்குறைய 115 லிட்டர் தேவை.

இந்த ஒரு எண்ணை வைத்துப் பம்பைத் தேர்ந்தெடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. பெல்ட்டில் ஓடும் பம்பின் ஓட்டம் இன்ஜின் வேகத்தோடு ஏறி இறங்கும். வெப்பமோ சுமையைப் பொறுத்தது. மசினகுடியிலிருந்து கல்லட்டிக் கொண்டை ஊசி வளைவுகளில் ஆள்களையும் சாமான்களையும் ஏற்றிக்கொண்டு, ஏசியும் ஓட, தாழ்ந்த கியரில் ஊட்டிக்கு ஏறும் வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். 2000 ஆர்பிஎம்மில் அதே பம்ப் 42 லிட்டர்தான் தள்ளும். கூலன்ட்டில் சேரும் வெப்பம் 24 கிலோவாட் என்றாலே இன்ஜினுக்குள் நுழையும் கூலன்ட்டுக்கும் வெளிவரும் கூலன்ட்டுக்கும் இடையிலான சூட்டு வேறுபாடு 9 டிகிரியைத் தாண்டிவிடும். வண்டி மெதுவாக ஏறுவதால் ரேடியேட்டருக்கு எதிர்க்காற்றும் கிடைப்பதில்லை, எல்லாம் விசிறியின் பாடு.

இதைச் சோதித்துப் பார்க்கும்போது தெர்மோகப்பிள்கள் எனும் வெப்பநிலை உணரிகளில்தான் என் கவனம் அதிகம். நுழைவாயிலிலும் வெளிவாயிலிலும் பொருத்தும் இரண்டும் தங்களுக்குள் அரை டிகிரி மாறுபட்டாலே, 7 டிகிரி வேறுபாட்டில் அது 7 விழுக்காட்டுப் பிழை. ஆகவே இரண்டையும் ஒரே வெந்நீர்த் தொட்டியில் சேர்த்து அமிழ்த்தி, காட்டும் அளவுகளை ஒப்பிட்ட பிறகே ஹோஸில் ஏற்றச் சொல்வேன்.

சூடு ஏறினால், கூலன்ட்டின் சூட்டுக்கேற்ப ரேடியேட்டருக்குப் போகும் வழியைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றிவிடும் வழக்கம் பட்டறைகளில் உண்டு. பல இன்ஜின்களில், ரேடியேட்டரைத் தொடாமல் கூலன்ட்டைத் திருப்பிவிடும் பைபாஸ் வழியை அடைப்பதும் அந்தத் தெர்மோஸ்டாட்தான் என்பதால், அதை எடுத்துவிட்டால் கூலன்ட்டின் ஒரு பகுதி ரேடியேட்டர் பக்கமே போகாமல் திரும்பிவிடும்.

புல்லியை மாற்றிப் பம்பை 20 விழுக்காடு வேகமாகச் சுழற்றலாமே என்பார்கள். ஓட்டம் கூடும்தான், ஆனால் பம்ப் இழுக்கும் திறன் 1.7 மடங்குக்கு மேல் போகும், உச்ச வேகத்தில் உறிஞ்சு பக்கத்து அழுத்தம் சரிந்து குமிழிகள் கிளம்பும். நான் முதலில் பார்ப்பது ரேடியேட்டரின் காற்றுப் பக்கத்தையும் விசிறியையும்தான். அங்கே வெப்பம் வெளியேறாவிட்டால் கூடுதல் லிட்டர்களால் பெரிய பயன் இல்லை.