கப்பலில் கூட வந்த சித்தி

வர்ஜீனியாவில் அக்கா மகள் வீட்டில் தங்கியிருந்த மூன்று வாரங்களில் ஒரு நாளை மோண்டிசெல்லோவுக்கு என்று முன்பே எடுத்து வைத்திருந்தேன். அமெரிக்காவின் மூன்றாவது ஜனாதிபதி தாமஸ் ஜெஃபர்சன் கட்டிய வீடு அது. அந்த நாட்டின் ஐந்து சென்ட் நாணயத்தில் பொறித்திருப்பதும் அதே வீடுதான். அங்கே போகிறவர்கள் அவரைப் பார்க்கப் போகிறார்கள். என்னை இழுத்தது அவருடைய இளைய மகள் பாலி. மேரி என்று பெயர் வைத்து, பாலி என்று கூப்பிட்டு, வளர்ந்தபின் மரியா ஆனவள். ஏழு வயதில் அவள் பாரிஸில் இருந்த அப்பாவுக்கு எழுதிய கடிதம் ஒன்றைச் சில வருடங்களுக்கு முன் இணையத்தில் படித்தேன். எனக்கு ஒரு பொம்மை அனுப்புங்கள் என்கிறாள். என்னை அங்கே வரச் சொல்லியதில் எனக்கு மிகவும் வருத்தம், பிரான்ஸுக்கு வர விருப்பமில்லை, எப்ஸ் சித்தியோடு இருக்கவே ஆசை என்கிறாள். அன்று முதல் அந்தக் குடும்பத்தின் கடிதங்களை ஒவ்வொன்றாகத் தேடிப் படித்து வருகிறேன்.

சித்தி என்று எழுதிவிட்டேன். அவள் எழுதியது ‘ஆன்ட்’. அத்தை, பெரியம்மா, சித்தி, மாமி எல்லோருக்கும் ஆங்கிலத்தில் அந்த ஒரு சொல்தான். தமிழில் சொல்ல வந்தால் முறை பார்க்காமல் நகர முடியாது. பாலியின் அம்மா மார்த்தாவுடைய தந்தை ஜான் வேல்ஸ். அவருக்கு இரண்டாம் தாரத்தில் பிறந்தவர் எலிசபெத் எப்ஸ். அப்பா ஒருவர், அம்மா வேறு, வயதில் மார்த்தாவுக்கு இளையவர். ஆகவே சித்தி. இந்த முறையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

அக்டோபர் மாதம். வாஷிங்டன் பக்கத்திலிருந்து சார்லட்ஸ்வில்லுக்குக் காரில் இரண்டரை மணி நேரம். அக்கா மகள் ஓட்டினாள். பின்னிருக்கையில் அவளுடைய பதினொரு வயது மகள். என்னைச் சின்னப் பாட்டி என்பாள். ப்ளூ ரிட்ஜ் மலைகள் தூரத்தில் தெரிய ஆரம்பித்ததும் மரங்கள் மஞ்சளும் செம்புமாக மாறிவிட்டன. மலையடிவாரத்தில் டிக்கெட் வாங்கினால் சிறு பஸ் ஒன்று மேலே கொண்டுபோய் விடுகிறது. மோண்டிசெல்லோ என்றால் இத்தாலிய மொழியில் சின்ன மலை.

முன்கூடத்தில் எல்லோரும் கடிகாரத்தின் கீழ் நின்றுவிட்டார்கள். இரும்புக் குண்டுகள் கயிற்றில் தொங்கி, வாரம் முழுக்கச் சுவரோரமாகக் கீழே இறங்கிக் கிழமையைக் காட்டுகின்றன. கூடத்தின் உயரம் போதவில்லை. தரையில் துளை போட்டுவிட்டார்கள். சனிக்கிழமை நிலவறையில் இருக்கிறது. குழந்தைக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. எனக்கு உள்ளறைக்குப் போகும் அவசரம்.

ஜெஃபர்சன் எழுதிய அறை சிறியது. படுக்கை சுவர்க்குழிக்குள் இருக்கிறது. ஒரு பக்கம் இறங்கினால் படுக்கையறை, மறுபக்கம் இறங்கினால் எழுதும் மேசை. மேசைமேல் இரண்டு பேனா பூட்டிய மரக் கருவி. ஒரு பேனாவைப் பிடித்து எழுதினால், மரக் கைகளால் இணைந்த மற்றொன்று பக்கத்துத் தாளில் அதையே எழுதும். 1804 முதல் அவர் இதைப் பயன்படுத்தினார். அதற்கு முன், மை உலருமுன் ஈரமான மெல்லிய தாளை மேலே வைத்து அழுத்திப் பிரதி எடுக்கும் கருவி இருந்தது. வாழ்நாளில் ஏறக்குறைய 19,000 கடிதங்கள் எழுதினார். தனக்கு வந்தவற்றையும் பத்திரப்படுத்தினார். அதனால்தான் ஏழு வயதுக் குழந்தை கிறுக்கியதுகூட இன்றைக்கு நம் கைக்கு வருகிறது.

அந்தக் காலத்தில் கடிதம் எழுதுவது செலவு பிடிக்கும் காரியம். உறை கிடையாது. எழுதிய தாளையே மடித்து, அரக்கு வைத்து, முதுகில் முகவரி எழுத வேண்டும். 1792-ஆம் வருடத்துத் தபால் சட்டப்படி ஒரு தாளுக்கு 30 மைலுக்குள் 6 சென்ட், 450 மைலுக்கு மேல் 25 சென்ட். இரண்டு தாள் என்றால் இரட்டிப்பு. பெரும்பாலும் கடிதத்தை வாங்குகிறவர்தான் காசு கொடுப்பார். தோட்டமும் ஆட்களும் வைத்திருந்த குடும்பங்களுக்கு அது பெரிய பாரமில்லை. ஒவ்வொரு வீடும் பத்து மைல், நூறு மைல் தள்ளி இருந்ததால் பெண்களுக்கு உறவு என்பதே கடிதமாக இருந்தது.

கடிதம் எழுதுவதை ஜெஃபர்சன் பாடமாகவே கற்றுக்கொடுத்தார். மனைவி 1782-இல் இறந்துவிட்டார். கணவனும் மனைவியும் எழுதிக்கொண்ட கடிதம் ஒன்றுகூட மிஞ்சவில்லை. அடுத்த வருடம் மூத்த மகள் பாட்ஸியைப் பிலடெல்பியாவில் விட்டுவிட்டு, அன்னாபொலிஸிலிருந்து அவளுக்கு ஒரு கால அட்டவணை அனுப்பினார். எட்டு முதல் பத்து வரை இசை. பத்து முதல் ஒன்று வரை ஒரு நாள் நடனம், மறுநாள் ஓவியம். ஒன்று முதல் இரண்டு வரை, நடனமாடிய நாளில் ஓவியம், மறுநாள் கடிதம். மூன்று முதல் நான்கு வரை பிரெஞ்சு. பிறகு மறுபடி இசை. ஐந்து முதல் படுக்கும்வரை ஆங்கிலம். ஒவ்வொரு தபாலிலும் எனக்கு எழுது, வாரம் ஒரு கடிதம் அத்தை சித்தி யாருக்காவது எழுது, ஒரு சொல்லைக்கூடப் பிழையாக எழுதாதே. பாட்ஸிக்கு அப்போது பதினொரு வயது.

கைப்பேசியில் இருந்ததை எங்கள் வீட்டுப் பதினொரு வயதுக்குக் காட்டினேன். விரல் வைத்து வரிவரியாகப் பார்த்துவிட்டு, “இரண்டிலிருந்து மூன்று வரை என்ன செய்தாள், சின்னப் பாட்டி?” என்று கேட்டாள். நான் எத்தனையோ தடவை படித்தும் அந்த ஒரு மணி நேர இடைவெளி என் கண்ணில் பட்டதில்லை. சாப்பாட்டு நேரமாக இருக்க வேண்டும். “அம்மா இல்லாத பெண்ணுக்கு அது போதுமா?” என்றாள். பதில் சொல்லத் தெரியவில்லை.

1784-இல் ஜெஃபர்சன் பாட்ஸியோடு பாரிஸுக்குப் போனார். பாலியும் கைக்குழந்தை லூசியும் எப்பிங்டன் என்ற பண்ணையில் எப்ஸ் சித்தி வீட்டில். அந்த அக்டோபரில் கக்குவான் இருமல் வந்து லூசி இறந்தாள். சித்தியின் மகளுக்கும் லூசி என்றே பெயர். அவளும் அதே வாரத்தில் போய்விட்டாள். இரண்டு லூசிகளை இழந்தோம் என்று சித்தி எழுதிய கடிதம் கடல் தாண்டிப் போய்ச் சேர்ந்தது அடுத்த வருடம் மே மாதம். வேறொருவர் கையில் அனுப்பிய கடிதம் ஜனவரியிலேயே செய்தியைச் சொல்லியிருந்தது. ஆனாலும் வளர்த்தவளின் எழுத்து ஏழு மாதம் கழித்து வந்து நிற்கும்போது அந்த மனிதர் அதை எப்படிப் பிரித்திருப்பார் என்று நினைத்துப் பார்க்கவே நெஞ்சு அடைக்கிறது.

அதற்குப் பிறகுதான் பாலியைக் கூப்பிட ஆரம்பித்தார். இங்கே வந்தால் வேண்டிய மட்டும் பொம்மை தருவேன் என்கிறார். அதே கடிதத்தில், தொப்பி இல்லாமல் வெயிலில் போகாதே, அழகு கெட்டுவிடும், அப்புறம் எங்களுக்கு உன்மேல் அவ்வளவு அன்பு இருக்காது என்றும் எழுதுகிறார். ஏழு வயதுக் குழந்தைக்கு எழுதக்கூடிய வரியா அது? எனக்கு அவரை மன்னிக்க மனம் வரவில்லை. அவள் அசையவில்லை. கடைசியில் ஏமாற்றித்தான் ஏற்றினார்கள். சித்தி பிள்ளைகள் எல்லோரும் கப்பலில் ஏறி விளையாடினார்கள். பாலி அசந்து தூங்கியதும் மற்றவர்கள் இறங்கிக்கொண்டார்கள். கண் விழித்தபோது கரை இல்லை.

துணைக்கு ஓர் அனுபவமுள்ள பெண்ணை அனுப்பச் சொல்லியிருந்தார் ஜெஃபர்சன். அவர் சொன்ன இசபெல் கருவுற்றிருந்ததால் சாலி ஹெமிங்ஸ் வந்தாள். பதினான்கு வயது, அடிமை. 1787 ஜூனில் இரண்டு பேரும் லண்டனில் இறங்கி, அங்கே அமெரிக்கத் தூதராக இருந்த ஜான் ஆடம்ஸின் மனைவி அபிகேல் ஆடம்ஸ் வீட்டுக்குப் போனார்கள். ஜெஃபர்சன் நேரில் வராமல் பாரிஸிலிருந்து வேலைக்காரரை அனுப்பினார். பாலி சொன்னதை அபிகேல் அப்படியே எழுதி வைத்திருக்கிறார். எல்லோரையும் விட்டுவிட்டு அப்பாவைப் பார்க்கக் கடல் தாண்டி வந்தேன், அவர் சிரமம் பார்க்காமல் இங்கே வந்திருக்கலாம், பேச்சே புரியாத ஒரு ஆளை அனுப்பாமல் இருந்திருக்கலாம். எட்டு வயது! அதே அபிகேல், கூட வந்த பெண்ணைப் பற்றியும் எழுதுகிறார். அவளும் குழந்தைதான், பெரிதாகப் பயன்படமாட்டாள், திருப்பி அனுப்பிவிடலாம் என்பது கப்பல் தலைவரின் கருத்து என்று.

1790-இல் பாலி வர்ஜீனியாவில் சொந்தக்காரர் வீடுகளில் இருக்க, ஜெஃபர்சன் நியூயார்க்கிலிருந்து கேள்விகளாக அடுக்குகிறார். தினமும் சூரியன் உதிப்பதைப் பார்க்கிறாயா? ஸ்பானிய நாவல் டான் கிஹோட்டே எத்தனை பக்கம் படித்தாய்? கோழியை அடைவைக்கத் தெரியுமா? கீரை விதைக்கத் தெரியுமா? பாலியின் பதில் எனக்கு மனப்பாடம். பயணத்திலேயே இருக்கிறேன், அகராதி மிகப் பெரியது, வண்டியின் பைக்குள் நுழையவில்லை, ஆகவே படிக்க முடியவில்லை. ஜூலையில் அவர் கணக்குத் தீர்க்க வருகிறார். நான் நான்கு எழுதினேன், நீ இரண்டுதான் எழுதினாய், இதையும் சேர்த்தால் மூன்று பாக்கி, இந்தக் கடனை விடமாட்டேன், பதில் எழுதும்வரை உனக்குச் சாப்பாடு போட வேண்டாம் என்று சித்தியிடம் மனுக் கொடுப்பேன் என்கிறார்.

இவற்றுக்கு நடுவில் ஒரு கடிதம் என்னைக் கட்டிப்போட்டது. இங்கே ஜூன் எட்டாம் தேதிதான் பட்டாணியும் ஸ்ட்ராபெர்ரியும் வந்தன, அன்றைக்கே விப்புவர்வில் பறவையின் முதல் கூவலையும் கேட்டேன், உங்கள் பக்கம் எப்போது? அந்தப் பறவை எப்போதும் பட்டாணியோடும் ஸ்ட்ராபெர்ரியோடும் சேர்ந்துதான் வருகிறதா, கவனித்துச் சொல். நம் பக்கிக்குருவியின் இனம் அது, இருட்டில் கூவும். அதட்டுகிற அப்பா காணாமல் போய், அக்கம்பக்கம் ஒரு தோழியைப் போல மகளைப் பார்க்கச் சொல்கிற அப்பா. தொப்பிக் கடிதத்துக்கும் இதற்கும் ஐந்து வருடம் இடைவெளி.

பாலி 1804 ஏப்ரல் 17-இல் இந்த வீட்டில் பிரசவத்துக்குப் பின் இறந்தாள். இருபத்தைந்து வயது. அரசியல் பகையால் ஜெஃபர்சனோடு பேச்சை நிறுத்தியிருந்த அபிகேல், செய்தி கேட்டதும் பேனாவை எடுத்தார். லண்டனில் தன்னிடம் ஒட்டிக்கொண்ட குழந்தையை அவரால் மறக்க முடியவில்லை.

மேல்மாடிக்கு இரண்டடி அகலப் படிக்கட்டு. உடம்பை ஒருக்களித்து ஏற வேண்டும். உச்சியில் கும்மட்ட அறை, மஞ்சள் சுவர், பச்சைத் தரை, வட்ட ஜன்னல்கள். ஓரத்தில் ஒரு சிறு கதவு. அதற்குப் பின்னால் கூரைச் சரிவில் ஒரு பொந்து. பாட்ஸியின் மகள் வர்ஜீனியா 1820-களில் அக்கா கார்னீலியாவோடு சேர்ந்து பெட்டிகளைப் படியாக அடுக்கி இதற்குள் ஏறி, ஒரு சிறு மேசையில் எழுதுபலகையும் இன்னொன்றில் புத்தகமும் வைத்துக்கொண்டாள். உடைந்த கண்ணாடியும் தரை விரிசல்களும்தான் காற்றுக்கு வழி. குளவிகளோடு பங்குபோட்டுக்கொண்ட இந்த இடத்துக்கு அவள் கடிதத்தில் வைத்த பெயர் தேவதை மாளிகை. விருந்தினர் ஓயாத வீட்டில் ஒரு பெண் தனியாக எழுத உட்கார இதைவிட்டால் இடமில்லை. குனிந்து பார்த்தேன். பலகை வாசனை.

வீட்டின் தெற்குச் சிறகில், சமையலறை இருந்த வரிசையில், 2018-இல் திறந்த ஓர் அறை சாலி ஹெமிங்ஸுக்கானது. உள்ளே சாமான்கள் அதிகமில்லை. வைக்க என்ன இருக்கிறது? அவள் எழுதியதாக ஒரு வரிகூட இல்லை. அவளுடைய மகன் மாடிசன் 1873-இல் ஒஹாயோ பத்திரிகை ஒன்றுக்குச் சொன்னவைதான் அங்கே பேசுகின்றன. பிரான்ஸில் அவள் சுதந்திரமாக இருந்திருக்க முடியும், திரும்பி வர மறுத்தாள், பிறக்கும் பிள்ளைகளுக்கு இருபத்தொரு வயதில் விடுதலை என்று ஜெஃபர்சன் வாக்குக் கொடுத்த பிறகே வந்தாள் என்று அவர் சொன்னார். அவள் பிள்ளைகளுக்கு அப்பா ஜெஃபர்சன். அவர் கையெழுத்தில் சாலியின் பெயரைத் தேடினால் பண்ணைக் கணக்கேட்டில் கிடைக்கும். போர்வை, மீன், மாட்டிறைச்சி அளந்து கொடுத்த பட்டியலில், பிறந்த வருடத்தோடு.

மாடிசன் இன்னொன்றும் சொன்னார். சாலியின் தந்தை ஜான் வேல்ஸ். வரலாற்றாசிரியர்களும் இன்று இதை ஏற்கிறார்கள். அதாவது மார்த்தாவுக்கு அப்பா ஒருவர், அம்மா வேறு, வயதில் இளையவள். எப்ஸ் சித்தி எந்த முறையோ அதே முறை. இம்மியும் வித்தியாசமில்லை. பாலி அழுதுகொண்டு பிரிய மறுத்தது ஒரு சித்தியை. ஐந்து வாரம் கடலில் அவள் பக்கத்தில் படுத்திருந்தது இன்னொரு சித்தி.

அடிமைகளில் எழுதத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். தொண்ணூறு மைல் தள்ளி இருந்த பாப்லர் ஃபாரஸ்ட் பண்ணையிலிருந்து ஹன்னா என்ற பெண் 1818 நவம்பரில் எழுதிய கடிதம் மிஞ்சியிருக்கிறது. வீடும் சாமான்களும் பத்திரம், நீங்கள் உடம்பு முடியாமல் வரவில்லை என்று கேட்டு வருந்தினேன், தேறியது கடவுள் செயல் என்று நினையுங்கள் என்கிறாள். ஜெஃபர்சன் கடனோடு இறந்தார். 1827 ஜனவரியில் 130 பேரை ஏலம் விடுவதாக விளம்பரம் வந்தது. பேத்தி மேரி, பாஸ்டனில் இருந்த அக்கா எலனுக்கு எழுதுகிறாள்: அந்தப் பயங்கரமான வேலை ஒருவழியாக முடிந்தது, ஒருவரைத் தவிர எல்லோரும் இந்த மாநிலத்திலேயே விலைபோனார்கள். அழகான கையெழுத்து, ஒரு சொல்லும் பிழையில்லை.

இறங்கும்போது பஸ்ஸில் ஏறாமல் மரங்களுக்கு நடுவே நடந்தோம். பாதி வழியில் குடும்பக் கல்லறை, சுற்றிலும் இரும்பு வேலி. பாலியும் அம்மாவும் அப்பாவும் அங்கே இருக்கிறார்கள். சாலி 1835-இல் சார்லட்ஸ்வில்லில் இறந்தாள். அவளைப் புதைத்த இடம் எதுவென்று இன்று யாருக்கும் தெரியாது. குழந்தை வேலிக் கம்பியைப் பிடித்தபடி நின்றாள்.

“பாலி அவளைச் சித்தி என்று கூப்பிட்டிருப்பாளா, சின்னப் பாட்டி?”

“இல்லை. சாலி என்றுதான்.”

“அது அவளுக்குத் தெரியுமா?”

“யாருக்கு?” என்றேன்.

“இரண்டு பேருக்கும்தான்.”

அக்கா மகள் கீழே எங்களுக்காகக் காரை எடுத்து வந்து நிறுத்தியிருந்தாள். வாஷிங்டன் வரும்வரை அதைப் பற்றித்தான் பேசிக்கொண்டு வந்தோம்.