கடல் பார்த்த மேசை

கடற்கரைக் குடியிருப்பு ஒன்றில் பத்து நாட்களுக்கு வாடகை வீடு எடுத்தபோது, சமையலறையில் எல்லா வசதியும் உண்டு என்று வீட்டுக்காரர் சொன்னதை நம்பினோம். வசதி இருக்கத்தான் செய்தது. ஆனால் உப்புக்காற்று அடுப்பின் பர்னரை அரித்து, தொட்டால் செதில் செதிலாக உதிரும் பதத்தில் வைத்திருந்தது. "இது அடுப்பு இல்லை மாப்பிள்ளை, அடுப்பின் அஸ்தி" என்று என் மாமியார் தீர்ப்புச் சொன்னார். ஆகவே பத்து இரவுகளும் வெளியில்தான் சாப்பாடு என்று முடிவாயிற்று. நடந்து போகும் தூரத்தில் நான்கு உணவகங்கள் இருந்தன. அவற்றில் மூன்று கடலைப் பார்த்தவை. நான்காவது இரண்டு தெரு உள்ளே தள்ளி, கடலோடு தனக்கு எந்தக் கொடுக்கல் வாங்கலும் இல்லை என்பதுபோல் நின்றது. முதல் ஏழு நாட்கள் அதை நாங்கள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. கடற்கரைக்கு வந்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டா சாப்பிடுவது என்பது என் வாதம். அந்த வாதத்தால் குடும்பமே பட்ட பாட்டைத்தான் எழுதுகிறேன்.

முதல் நாள் மாலை ஐந்தரை மணிக்கே கிளம்பிவிட்டோம். உள்ளே சுவரோரமாகப் பல மேசைகள் காலியாகக் கிடக்க, விளிம்பிலிருந்த ஒரே ஒரு மேசைக்காக நாற்பது நிமிடம் நின்றோம். கடல் பார்த்த மேசைதான் வேண்டும் என்று நான் கறாராகச் சொல்லியிருந்தேன். கல்லாவில் இருந்தவர் எங்கள் நால்வரையும் ஒருமுறை பார்த்துவிட்டு, "காற்று கொஞ்சம் இருக்கும் சார். ஏழரைக்கு மேல் வந்தால் அடங்கிவிடும்" என்றார். காற்று வாங்கத்தானே வந்திருக்கிறோம் என்று நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். இரண்டும் ஒரே சிரிப்பு அல்ல என்பது மெனு கார்டு கைக்கு வந்ததும் விளங்கியது.

வெயில் ஏற ஏற நிலம் கடலைவிட வேகமாகச் சூடாகிறது. நிலத்தின் மேலுள்ள காற்று சூடேறி எழும்ப, அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து குளிர்ந்த காற்று ஓடி வருகிறது. முற்பகலில் மெல்லத் தொடங்கும் இந்தக் கடற்காற்று பிற்பகலில் வலுத்து, பொழுது சாய்ந்த பிறகுதான் தளரும். இரவில் நிலம் கடலைவிடக் குளிர்ந்துவிட்டால் திசை மாறி, நிலக்காற்றாகக் கடலை நோக்கிப் போகும். பள்ளிக்கூடத்தில் படம் வரைந்து அம்புக்குறி போட்டு, ஐந்துக்கு ஐந்து வாங்கிய பாடம்தான் இது. அந்த அம்புக்குறி வந்து முடிகிற இடத்தில் மேசை போட்டு உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று மட்டும் எந்த ஆசிரியரும் கேட்கவில்லை.

மெனு கார்டைப் பிரித்ததும் அது பாய்மரமாகிக் கையை விட்டுப் பறந்தது. சர்வர் தம்பி அதைத் துரத்திக்கொண்டு ஓடிய ஓட்டத்தில் பதற்றமே இல்லை. தினமும் மாலையில் எத்தனை கார்டு எந்தத் தூணருகே விழும் என்று கணக்கு வைத்திருப்பவரின் ஓட்டம் அது. டிஷ்யூ காகிதங்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பிப் போயின. என் மனைவி தோளில் போட்டிருந்த மெல்லிய சால்வை பக்கத்து மேசைக்காரரின் தட்டில் நனைந்து, அவர் என்ன சாப்பிடுகிறார் என்பதை எங்களுக்கும் தெரிவித்தது. சூப் வந்தது. கிண்ணத்துக்குள்ளும் அலை அடித்தது. "அப்பா, என் சூப்பிலும் கடல் தெரிகிறது" என்றான் ஒன்பது வயது மகன். நான்காவது கரண்டியில் கடற்கரையும் தெரிந்தது. பல்லிடுக்கில் நறநறவென்று மணல். மாமியார் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, கையைத் தட்டின்மேல் குடையாகப் பிடித்தபடி கடலைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் என் திருமணப் பேச்சு நடந்தபோது ஒருமுறை பார்த்திருக்கிறேன்.

சூப்பில் உப்புக் குறைவாகத் தோன்றியது. தலைக்கு மேலே ஒலிபெருக்கி, பின்னணியில் அலை, நடுவே காற்றின் ஊளை. பேரிரைச்சலில் சாப்பிடும்போது உப்பும் இனிப்பும் மட்டுப்பட்டுத் தெரியும் என்பதை ஆய்வாளர்கள் சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். விமானத்துச் சாப்பாடு சப்பென்று இருப்பதற்கும் அது ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. அது தெரிந்திருந்தும் கை உப்புக் குப்பியை நோக்கிப் போயிற்று.

அந்தக் குப்பியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கண்ணாடி உடம்பு, தகர மூடி, மூடியில் ஏழு துளைகள். ஏழில் ஐந்து துருவால் அடைபட்டிருந்தன. உள்ளே உப்பு ஒரே கட்டியாக, பாறைபோல் இறுகி, ஒரு பக்கமாகச் சாய்ந்து உறைந்திருந்தது. காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் சாதாரண உப்பு ஈரத்தை உறிஞ்சிக் கசியத் தொடங்கும்; பிறகு உலரும்போது மணிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கட்டியாகும். கடலோரத்தில் இந்தக் கசிவும் உலர்வும் மாறி மாறி நடப்பதால், குப்பியிலிருப்பதை உப்பு என்பதைவிடக் கனிமம் என்பதே பொருத்தம். ஈரத்தை வாங்கிக்கொள்ளட்டும் என்று யாரோ அரிசியும் போட்டிருந்தார்கள். மாமியார் குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "உப்பைவிட அரிசிதான் அதிகமாக இருக்கிறது. இதையே வேக வைத்துக் கொடுத்திருக்கலாம்" என்றார். நான் குப்பியைக் கவிழ்த்துத் தட்டினேன். ஒன்றும் விழவில்லை. உள்ளங்கையில் ஓங்கி அடித்தேன். அப்போதும் இல்லை. மூன்றாவது அடியில் மூடி கழன்று, பாறை மொத்தமும், அரிசிப் பரிவாரங்களோடு, சூப்பில் இறங்கியது. மூடி மட்டும் காற்றோடு போயிற்று. சர்வர் தம்பி ஏற்கெனவே அந்தத் திசையில் ஓடிக்கொண்டிருந்தார்.

இரண்டாவது உணவகத்தை விரைவாகக் கடந்துவிடுகிறேன், ஏனென்றால் கடலும் எங்களை அப்படித்தான் கடந்தது. அங்கே மேசைகளை மணலிலேயே போட்டிருந்தார்கள். பிளாஸ்டிக் நாற்காலியின் பின்னங்கால்கள் இரண்டும் நிதானமாக மணலுக்குள் இறங்க, சாப்பாடு வருவதற்குள் என் முகவாய் மேசை மட்டத்துக்கு வந்திருந்தது. நிலவொளியில் சாப்பிடலாம் என்று பௌர்ணமியாகப் பார்த்து அந்த நாளைத் தேர்ந்தெடுத்ததும் நான்தான். பௌர்ணமியிலும் அமாவாசையிலும் சூரியனும் சந்திரனும் நேர்கோட்டில் நின்று கடலை இழுப்பதால், அந்த நாட்களை ஒட்டித்தான் கடல் மிக மேலே ஏறும் என்பதைச் சர்வர் எங்கள் செருப்புகளைக் கையில் தூக்கிக்கொண்டு விளக்கினார். ஏற்றம் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளித் தள்ளி வருமாம். தினமும் தாமதமாக வந்தாலும் கணக்குத் தவறாமல் வருகிற ஒரே வாடிக்கையாளர் அதுதான் என்றும் சொன்னார். நால்வர் செருப்பில் மூன்று ஜோடியைத்தான் அவரால் காப்பாற்ற முடிந்தது. நான்காவது ஜோடி என்னுடையது.

மூன்றாவது இடம் கொஞ்சம் ஆடம்பரமானது. கண்ணாடித் தடுப்பு வைத்திருந்ததால் காற்றுத் தொல்லை இல்லை. தரை சிமெண்டு என்பதால் நாற்காலி புதையவில்லை. ஆறாம் நாள் அங்கே போய் உட்கார்ந்ததும் நான் வெற்றி பெற்றவனைப்போல் மனைவியைப் பார்த்தேன். "இன்னும் சாப்பிடவில்லை, கொஞ்சம் பொறுங்கள்" என்றார் அவர். மீன் சொல்லலாம் என்றபோது சர்வர், "இன்று காலையில் பிடித்தது அம்மா, படகிலிருந்து நேராக வந்தது" என்றார். கடல் இருபது அடியில் இருக்கும்போது அதை ஏன் சந்தேகிக்க வேண்டும் என்று நான் நினைத்தேன். மாமியாரோ எழுந்து நின்று, "மீனைக் காட்டுங்கள் தம்பி" என்றார்.

தட்டில் வைத்துக் கொண்டுவந்து காட்டினார்கள். அடுத்த ஐந்து நிமிடங்கள் அங்கே நடந்தது ஒரு பிரேதப் பரிசோதனை. முதலில் கண்: புது மீனின் கண் தெளிவாகவும் புடைத்தும் இருக்கும், இது உள்வாங்கி, பால் படர்ந்ததுபோல் இருந்தது. அடுத்து செவுள்: இரத்தச் சிவப்பாக இருக்க வேண்டியது பழுத்த இலை நிறத்தில் இருந்தது. பிறகு ஆள்காட்டி விரலால் வயிற்றை அழுத்திவிட்டு எடுத்தார். சதை எழும்பி வரவில்லை. குழி அப்படியே இருந்தது. நாங்கள் எல்லோரும் அந்தக் குழியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். சர்வர் வேறெங்கோ பார்த்தார். "தம்பி, இந்த மீன் கடலைப் பார்த்து நான்கு நாளாவது ஆகியிருக்கும். நடுவில் ஐஸ் பெட்டியை மட்டும்தான் பார்த்திருக்கிறது" என்று மாமியார் அமைதியாகச் சொன்னார். சர்வர் சமாளித்துக்கொண்டு, "எலுமிச்சம்பழம் கூடவே நிறைய வைத்துத் தருகிறோம் அம்மா" என்றார். அதுதான் அவர் செய்த தவறு. நாள்பட்ட மீனில் நாற்றத்தைக் கிளப்பும் அமீன் பொருளை எலுமிச்சையின் புளிப்பு பிணைத்து அடக்கிவிடும் என்பது வேதியியல். அந்தப் பெயர் எதுவும் தெரியாமலேயே அந்த வேதியியலில் ஐம்பது வருட அனுபவம் உள்ளவர் என் மாமியார். "எலுமிச்சை இவ்வளவு தாராளமாக வருகிறது என்றால், மீன் எதையோ மறைக்கிறது என்று அர்த்தம்" என்றார். கடைசியில் உருளைக்கிழங்கு வறுவல் வாங்கிக்கொண்டோம்.

அந்த வறுவலும் எங்களுக்கு நிலைக்கவில்லை. கண்ணாடித் தடுப்பின் மேல் ஒரு கடற்காகம் வந்து உட்கார்ந்து, தட்டை நோட்டம் விட்டது. மகனுக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் எக்ஸிடர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உருளைக்கிழங்கு வறுவல் பையை வைத்து இதையே சோதித்து 2019-இல் வெளியிட்டிருக்கிறார்களாம். ஆள் முறைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தால், கடற்காகம் கிட்டே வரச் சராசரியாக 21 வினாடி கூடுதலாக எடுத்துக்கொள்ளுமாம். "எல்லோரும் அதன் கண்ணையே பாருங்கள்" என்று உத்தரவிட்டான். ஒரு குடும்பம் முழுவதும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு ஒரு பறவையை வெறித்துப் பார்த்தது. பறவையும் எங்களைக் கண்ணியமாகப் பார்த்தது, நகரவில்லை. ஆய்வு பொய்க்கவில்லை என்றே சொல்ல வேண்டும். ஏனென்றால் வறுவலைத் தூக்கிக்கொண்டு போனது எங்கள் முதுகுப் பக்கமாக வந்த இரண்டாவது கடற்காகம்.

எட்டாம் நாள் வானம் மூடி, கடல் கொந்தளித்தது. மூன்று உணவகங்களும் ஷட்டரை இறக்கிவிட்டன. பசி வந்த பிறகு வாதம் ஏது? இரண்டு தெரு உள்ளே நடந்தோம். கடற்பக்கத்து ஜன்னல்களுக்குக் கொக்கி போட்டு, இடுக்கில் துணி சுருட்டிச் சொருகியிருந்தார்கள். உள்ளே அசையாத காற்றும், அடுக்களையின் வெக்கையும், நிறைய மனிதர்களும் இருந்தார்கள். கவனித்துப் பார்த்தபோதுதான் ஒன்று தெரிந்தது: உள்ளூர்க்காரர்கள் அத்தனை பேரும் கடலுக்கு முதுகைக் காட்டி, அடுக்களை வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். கடல் அவர்களுக்கு இருபத்துநான்கு மணி நேரமும் இருக்கிறது. சாப்பாடு வருகிற வழிதான் பார்க்க வேண்டிய காட்சி. சுவரில் ஒரு கரும்பலகை. அதில் முதல் வரியாக, அழுத்தமான எழுத்தில், "இன்று மீன் இல்லை" என்று எழுதியிருந்தது. படகுகள் போகவில்லை, அதனால் மீன் இல்லை, அவ்வளவுதான். மாமியார் அந்தப் பலகையை இரண்டு முறை படித்தார். பிறகு முந்தைய ஏழு நாட்களில் எங்கும் செய்யாத காரியமாக, நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். "கடல் பக்கத்தில் இருந்துகொண்டு இல்லை என்று சொல்ல ஒரு தைரியம் வேண்டும்" என்றார். வந்ததைச் சாப்பிட்டோம். மணல் இல்லை.

மறுநாள் கடல் அடங்கி, படகுகள் போய்த் திரும்பின. பலகையில் மீன் என்ற சொல் மட்டும் ஈரச் சுண்ணக்கட்டியால் புதிதாக எழுதப்பட்டிருந்தது. கடல் பார்த்த உணவகங்கள் மூன்றும் திறந்து விளக்குப் போட்டிருந்தும், எந்தப் பக்கம் திரும்புவது என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. மாமியார் மீனைக் காட்டச் சொல்லவில்லை. ஆனாலும் அடுக்களைக்காரரே கொண்டுவந்து செவுளைத் திறந்து காட்டிவிட்டுப் போனார். எலுமிச்சை ஒரே ஒரு துண்டுதான் வந்தது.

சாப்பிடும்போது மகன் உப்புக் கேட்டான். மேசையில் குப்பி இல்லை. திரும்பிப் பார்த்தேன். பக்கத்து மேசையில், கடலுக்கு முதுகைக் காட்டியபடி, தலை குனிந்து மீன் முள்ளை எடுத்துக்கொண்டிருந்தவரை எங்கோ பார்த்ததாகத் தோன்றியது. முதல் நாள் கல்லாவில் இருந்தவர். அவரும் என்னை அடையாளம் கண்டுகொண்டார். வாயிலிருந்த கவளத்தை விழுங்கும் வரை இருவருமே என்ன சொல்வது என்று தெரியாமல் இருந்தோம். "கடையில் இன்றும் காற்றுதான் சார்" என்றார் கடைசியில். பிறகு தன் மேசையிலிருந்த மர மூடி போட்ட உப்பு ஜாடியை எங்கள் பக்கம் நகர்த்தினார். அடுப்போரத்திலிருந்து எடுத்து வந்த வெதுவெதுப்பு அதில் இன்னும் இருந்தது. உள்ளே ஒரு சிறு கரண்டி, பொலபொலவென்று உதிரும் உப்பு, ஒரு மணி அரிசிகூட இல்லை.