சக நாடகக்காரரின் பத்து நிமிடம்

நாடகம் முடிந்து விளக்கு வருகிறது. எழுதியவரைத் தேடிப்போய்க் கை கொடுத்து, "ரொம்ப நல்லா இருந்துச்சுங்க" என்கிறோம். அவரும் கையைப் பிடித்துக்கொண்டு "ரொம்ப நன்றிங்க" என்கிறார். மனசிலிருந்து வந்த சொல்தான், பொய்யில்லை. ஆனால் மறுநாள் காலையில் அவர் பிரதியை விரித்து உட்காரும்போது அந்தச் சொல் எதற்கும் உதவாது. எந்த வசனத்தில் கை வைக்கக்கூடாது, எந்த இடம் தொங்குகிறது என்று அதிலிருந்து எதுவும் தெரியவராது. பாராட்டுக்கு ஒரு முகவரி வேண்டும். எந்த வசனம், எந்த மௌனம், எத்தனையாவது நிமிடம் என்று சொல்லத் தெரிந்தால்தான் அது எழுதியவர் கைக்குப் போய்ச் சேரும். குறுநாடகம் எழுதுகிறவர்கள் ஒருவருக்கொருவர் செய்யக்கூடிய உதவியில் இதை மிஞ்சியது இல்லை என்பது என் எண்ணம்.

பத்து நிமிட நாடகத்தை ஒரு தனி வடிவமாக வளர்த்ததில் அமெரிக்காவின் லூயிவில் நகரத்து ஆக்டர்ஸ் தியேட்டருக்குப் பெரிய பங்கு உண்டு. அதற்கென்றே போட்டி நடத்தினார்கள். 2002இல் சிட்னியில் தொடங்கிய 'ஷார்ட் அண்ட் ஸ்வீட்' என்ற பத்து நிமிட நாடக விழா 2011இல் சென்னைக்கு வந்தது. ஒரே மாலையில் எட்டு, பத்து நாடகங்களை வரிசையாகப் பார்க்கும் பழக்கம் இங்கே பலருக்கு அப்படித்தான் ஏற்பட்டது. இந்த வடிவத்தில் கணக்கு கறாரானது. இரண்டு மணி நேர சபா நாடகத்தில் ஒரு நிமிடம் தொய்ந்தால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். இங்கே ஐம்பது வினாடி தொய்ந்தால் நாடகத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு போயிற்று.

மேடைக்கு வரும் முன்பே, உட்கார்ந்து பிரதியை உரக்கப் படிக்கும் வாசிப்பிலேயே வேலை தொடங்கிவிட வேண்டும். எழுதியவர் தானே வாசிக்கக்கூடாது. அவர் மனசில் ஓடுவதைக் குரலில் சேர்த்துவிடுவார். தாளில் இல்லாதது காதில் விழுந்துவிடும். பாத்திரத்துக்கு ஒருவர், மேடைக் குறிப்புகளுக்குத் தனியாக ஒருவர், கடிகாரத்துக்கு ஒருவர் என்று பிரித்துக்கொள்ளலாம். பிரதியைப் பதினான்கு பாயிண்ட் அளவு எழுத்தில், ஒரு பக்கம் மட்டும் அச்சிட்டுக் கொடுங்கள். வாசிப்பவர் தன் வசனங்களுக்கு மட்டும் நிறம் தீட்டிக்கொண்டால் தடுமாற்றம் பாதியாகக் குறையும். கேட்கிறவர்கள் கையில் பிரதியைக் கொடுக்கவே கூடாது. கையில் தாள் இருந்தால் கண் முன்னால் ஓடி முடிவைப் படித்துவிடும். அப்புறம் நாடகம் நடத்தும் ஏமாற்று வேலை எதுவும் அவர்களிடம் பலிக்காது.

பேசாத பாத்திரம் இருந்தால் அதற்கும் ஒரு ஆளை நாற்காலியில் உட்கார வைக்க வேண்டும். பலரும் விட்டுவிடுவது இதைத்தான். ஸ்ட்ரிண்ட்பெர்க் 1889இல் எழுதிய 'வலியவள்' நாடகத்தில் இரண்டு பெண்கள். ஒருத்தி மட்டுமே பேசுகிறாள். மற்றவளின் நாற்காலியைக் காலியாக விட்டு வாசித்தால் அது வெறும் சொற்பொழிவு. அங்கே ஒரு முகம் இருந்து, அது கேட்டுக்கொண்டும் சிரித்துக்கொண்டும் இருந்தால்தான் பேசுகிறவள் ஏன் மேலும் மேலும் பேசுகிறாள் என்பது புரியும்.

நேரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. தமிழ் வசனம் மேடையில், மூச்சு, அசைவு, இடைவெளி எல்லாம் சேர்ந்து, நிமிடத்துக்கு 80 முதல் 100 சொல் போனாலே அதிகம். ஆயிரம் சொல்லைத் தாண்டிய வசனத்தைப் பத்து நிமிடத்தில் அடக்க நினைத்தால் நடிகர்கள் ஓடத்தான் வேண்டும். வாசிப்பில் எட்டரை நிமிடம் வந்தால் மேடையில் பத்து ஆகும். வாசிப்பிலேயே பத்து வந்துவிட்டால் அன்றைக்கே எழுதியவரிடம் சொல்லிவிடுவதுதான் நல்லது. ஒத்திகை தொடங்கிய பிறகு வெட்டினால், மனப்பாடம் செய்த நடிகர் பழைய வரியிலேயே போய் நிற்பார்.

கேட்கும்போது வாக்கியம் வாக்கியமாகக் குறிப்பெழுத வேண்டாம். குனிந்து எழுதுகிற நேரத்தில் மேடையில் எதையோ தவறவிட்டிருப்போம். ஒரு வெற்றுத் தாளில் மூன்று குறிகள் போதும். முதுகு நிமிர்ந்த இடத்துக்கு ஒரு கோடு, சிரிப்போ கண்ணீரோ வந்த இடத்துக்கு ஒரு வட்டம், கவனம் வெளியே போன இடத்துக்கு ஒரு பெருக்கல் குறி. பக்கத்தில் நிமிடத்தை எழுதிக்கொள்ளலாம். மூன்றாவது குறிதான் மிகவும் மதிப்புள்ளது, அதே சமயம் போட மனசு வராத குறியும் அதுதான். ஐந்து பேர் கேட்டு, ஐந்து பேர் தாளிலும் நான்காவது நிமிடத்தில் பெருக்கல் இருந்தால், அதைப் பற்றி யாரும் வாதாட வேண்டியதே இல்லை.

பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒரு கற்பனை நாடகத்தை எடுத்துக்கொள்வோம். மதுரைப் பக்கத்து வீடு. அம்மாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்திருக்கிறது. அண்ணனும் தங்கையும், நடுவில் ஒரு ஆட்டுக்கல்.

தங்கை: இத நீங்களே எடுத்துட்டுப் போங்கண்ணே.
அண்ணன்: எனக்கெதுக்குத்தா? வீட்ல கிரைண்டர் இருக்கு.
தங்கை: எங்க வீட்லயும்தான் இருக்கு.
(குழவியைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றுகிறாள். மாவில்லாமல் கல்லோடு கல் உரசுகிறது.)
அண்ணன்: நிறுத்து.

இதைக் கேட்ட ஒருவர் "உணர்ச்சிகரமா இருந்துச்சு" என்று சொன்னால் எழுதியவருக்கு எதுவும் கிடைக்கவில்லை. "வெறுங்கல் உரசுற சத்தம் வந்ததும் அவர் 'நிறுத்து'ங்கறாரு பாருங்க, அம்மா இல்லைங்கறது எனக்கு அங்கதான் உறைச்சுது. அதுவரைக்கும் பங்கு பிரிக்கிறதாத்தான் நினைச்சுட்டு இருந்தேன்" என்றால் அது பாராட்டு. அம்மா இறந்ததை யாரும் வாயால் சொல்லாமலே அது வந்து சேர்ந்துவிட்டது என்று எழுதியவருக்குத் தெரிந்துவிடுகிறது. முன்னால் எங்காவது "அம்மா போய் பதினாறு நாளாச்சு" என்று ஒரு வசனம் எழுதி வைத்திருந்தால் அதைத் தைரியமாக எடுத்துவிடுவார்.

இன்னொன்றையும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்க வேண்டும். தங்கை நாடகம் முழுக்க 'நீங்க' என்றே பேசி வந்து, ஏழாவது நிமிடத்தில், "அன்னைக்கு ராத்திரி நீ வரலைலண்ணே" என்கிறாள் என்று வையுங்கள். அந்த ஒற்றை 'நீ'தான் நாடகத்தின் உச்சம். கத்தலோ அழுகையோ வேண்டியதில்லை. நம் மொழியில் ஒரு மரியாதைச் சொல் இறங்குவதே ஒரு சம்பவம். 'அண்ணே', 'தா' என்று இரண்டு விளிகள் வந்ததுமே உறவு, ஊர், யார் மூத்தவர் எல்லாம் தெரிந்துவிடுகிறது. அறிமுக வசனத்துக்கு வேலையே இல்லை. ஆனால் இந்த 'நீ'யைத் தட்டச்சுப் பிழை என்று நினைத்து யாராவது திருத்திவிடுவார்கள், அல்லது நடிகை பழக்கத்தில் 'நீங்க' என்றே சொல்லிவிடுவார். அதனால் அது காதில் விழுந்தது, வேலை செய்தது என்பதை எழுதியவரிடமும் இயக்குநரிடமும் கட்டாயம் சொல்ல வேண்டும். நல்ல இடங்களைச் சுட்டிக்காட்டாமல் விட்டால் அடுத்த திருத்தத்தில் முதலில் காணாமல் போவது அவைதான்.

பேச்சை எழுதும் விதத்திலும் பிசகு வரும். "வந்துகொண்டிருக்கிறேன்" என்று எழுதிவிட்டு, நடிகர் பேச்சில் மாற்றிக்கொள்வார் என்று சிலர் விட்டுவிடுகிறார்கள். சென்னை நடிகர் 'வந்துனுக்கிறேன்' என்பார், மதுரைக்காரர் 'வந்துக்கிட்ருக்கேன்' என்பார். ஒரே தாய்க்குப் பிறந்த இரண்டு பேர் இரண்டு ஊர்ப் பேச்சு பேசுவார்கள். வாசிப்பில் அப்படிக் காதில் இடறினால் வட்டாரத்தை முடிவுசெய்து எழுத்திலேயே கொண்டுவரச் சொல்லலாம்.

வாசிப்பு முடிந்ததும் எந்த வரிசையில் பேசுவது? அமெரிக்க நடனக் கலைஞர் லிஸ் லெர்மன் 1990இல் ஒரு முறையை வகுத்தார். நான்கு படி, நடத்திக் கொடுக்க ஒரு ஆள் உண்டு. முதலில் எது மனசில் நின்றது என்பதைக் கேட்டவர்கள் சொல்கிறார்கள். அடுத்து படைத்தவர் தனக்குச் சந்தேகம் உள்ள இடத்தைப் பற்றிக் கேள்வி கேட்கிறார். மூன்றாவதாகக் கேட்டவர்கள் கேள்வி கேட்கலாம், ஆனால் கேள்விக்குள் தீர்ப்பை ஒளித்து வைக்கக்கூடாது. கடைசியில்தான் அபிப்பிராயம், அதுவும் அனுமதி கேட்டுக்கொண்டு: "முடிவைப் பத்தி ஒரு அபிப்பிராயம் இருக்கு, சொல்லலாங்களா?" எழுதியவர் "இப்ப வேண்டாங்க" என்றும் சொல்லலாம்.

இதில் தடுக்கி விழுவது மூன்றாவது படியில். "அண்ணன் ஏன் இவ்வளவு கல்நெஞ்சா இருக்காரு?" கேள்வி மாதிரி ஒலித்தாலும் தீர்ப்பு ஏற்கெனவே வந்துவிட்டது. எழுதியவர் உடனே அண்ணனுக்கு வக்காலத்து வாங்கத் தொடங்குவார், அதற்குப் பிறகு எதுவும் அவர் காதில் ஏறாது. "அந்த நிமிஷத்துல அண்ணனுக்குத் தங்கச்சிகிட்ட இருந்து என்ன வேணும்?" என்று கேட்டுப் பாருங்கள். அவர் யோசிப்பார். விடை அவரிடமே இல்லை என்றால் அது அவருக்கே தெரிந்துவிடும்.

நாடகம் எழுதுகிறவர்களுக்கென்றே உள்ள நோய் ஒன்று உண்டு. கேட்டுக்கொண்டிருக்கும்போதே மனசுக்குள் திருத்தி எழுதத் தொடங்கிவிடுவது. "நானா இருந்தா அந்த அம்மாவையே மேடையில கொண்டு வந்திருப்பேன்." நல்ல யோசனையாகக்கூட இருக்கலாம். ஆனால் அது வேறொரு நாடகம், சொன்னவர் வீட்டுக்குப் போய் எழுதிக்கொள்ள வேண்டியது. 'நானா இருந்தா' என்ற சொல்லை நடத்துபவர் அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டால் கூட்டத்துக்கே நல்லது.

புதுப் பிரதிகளில் அடிக்கடி வரும் குறைகளுக்குக் காரணம் பெரும்பாலும் இட நெருக்கடிதான். மேடையில் இல்லாத மூன்றாம் ஆளைப் பற்றிச் சொல்ல வேண்டும், நேரமில்லை. உடனே செல்போன் ஒலிக்கிறது. ஒரு பக்கப் பேச்சு மட்டும் நாற்பது வினாடி நடக்க, எதிரே நிற்கும் நடிகர் என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கிறார். முடிவு கிடைக்காமல் ஒரு சாவோ, ஒரு கனவோ, "நான்தான் உன் மகன்" என்ற திருப்பமோ வருகிறது. விழாக்களில் பார்வையாளர்களும் ஓட்டுப் போடுவதால் திருப்பத்தின் மீது ஆசை இன்னும் கூடுகிறது. திருப்பம் கூடாது என்றில்லை. தெரிந்த பிறகு முதல் ஐந்து நிமிடத்தை மனசில் ஓட்டிப் பார்த்தால் வசனங்களுக்குப் புது அர்த்தம் கிடைக்க வேண்டும். கிடைக்கவில்லை என்றால் அது தனியாக ஒட்டிய வால்.

பிளாக்அவுட் இன்னொரு தொல்லை. "விளக்கு அணைகிறது. மறுநாள்" என்று எழுத ஒரு வினாடி. மேடையில் இருட்டு வந்து, நடிகர் இடம் மாறி, மறுபடி வெளிச்சம் வர பதினைந்து இருபது வினாடி ஆகும். மூன்று பிளாக்அவுட் என்றால் ஒரு நிமிடம் இருட்டிலேயே கழிந்தது. சினிமா பார்த்து வளர்ந்த நமக்கு வெட்டி வெட்டிப் போவது கை வழக்கமாகிவிட்டது. ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் நடக்கும் பத்து நிமிடத்தை யாராவது எழுதியிருந்தால் அதைத் தனியாகப் பாராட்டுவேன். அது கடினமான வேலை.

மேடையில் பார்க்கும்போது, எழுதியவர் தவறு எது, மேடை செய்த தவறு எது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். அந்த ஆட்டுக்கல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். வரிசையாக நாடகம் நடக்கும் மாலையில் ஒன்றுக்கும் மற்றதற்கும் நடுவே ஓரிரு நிமிடம்தான் கிடைக்கும். நிஜ ஆட்டுக்கல்லை இரண்டு பேர் தூக்குவதற்கே திண்டாட்டம். தெர்மாகோலில் செய்து சாம்பல் நிறம் அடித்து வைப்பார்கள், பார்க்க அச்சு அசலாக இருக்கும், ஆனால் சத்தம் வராது. சத்தம் இல்லையென்றால் அண்ணன் 'நிறுத்து' என்று சொல்லக் காரணமே இல்லை. பார்த்தவர்கள் நாடகம் ஒட்டவில்லை என்பார்கள், பழி பிரதி மேல் விழும். ஆட்டுக்கல்லுக்குப் பதில் ஒரு கையால் தூக்கக்கூடிய கல் இடிகல்லை வைத்துக்கொள்ளலாம். வெறும் இடிகல்லில் குழவி படும் ஓசையும் வயிற்றைப் பிசையும்.

அரங்கமும் நாடகத்தை மாற்றும். எழும்பூர் மியூசியம் தியேட்டர் 1896இல் கட்டியது. அரைவட்டமாகப் படிப்படியாக உயரும் இருக்கைகள். தரையில் உட்கார்ந்திருக்கும் நடிகரின் கைவிரல்கூடத் தெரியும். அதே நாடகத்தைச் சமதளத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்ட கூடத்தில் நடத்தினால் மூன்றாவது வரிசைக்கு மேல் தங்கையின் தலைமுடிதான் தெரியும். கல்லை ஒரு முக்காலி மேல் ஏற்றினாலே பாதி சரியாகிவிடும். வரிசையில் நாடகம் எங்கே வந்தது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். வெடிச்சிரிப்பு நாடகத்துக்கு அடுத்து வரும் அமைதியான நாடகம், கூட்டம் அடங்குவதற்குள் முதல் ஒன்றரை நிமிடத்தைப் பறிகொடுத்துவிடுகிறது. முடிந்தால் அதை வேறொரு நாள் மறுபடி பார்த்துவிட்டுப் பேசலாம்.

எழுதியவரிடம் அன்றிரவே நேரில் இரண்டு விஷயம் சொன்னால் போதும்: மனசில் நின்ற ஒரு இடம், காதில் நின்ற ஒரு வரி. அப்போது நடிகர்கள், வீட்டார், நண்பர்கள் என்று சுற்றிலும் ஆட்கள் இருப்பார்கள். குறையைக் கேட்கும் நிலையில் அவர் இருக்க மாட்டார். மற்றதை மூன்று நாளைக்குள், மறப்பதற்கு முன், எழுத்தில் அனுப்பலாம். "ஐந்தாவது நிமிடம், போன் வந்ததும் எனக்குத் தங்கையின் கோபம் ஆறிப்போனது. ஏழாவது நிமிடம், அந்த 'நீ'. இதைத் தொட வேண்டாம்." இவ்வளவுதான். குறிகள் போட்ட தாளையும் படம் எடுத்துக் கூடவே அனுப்பிவிடுங்கள்.