இஸ்பெல் போன பிறகு வந்த 19 பாட்டு

டிரைவ்-பை டிரக்கர்ஸ் என்ற அமெரிக்க ராக் பேண்டை விட்டு அதில் கிட்டார் வாசித்து, பாட்டெழுதிப் பாடிய ஜேசன் இஸ்பெல் விலகிவிட்டார் என்று 2007 ஏப்ரலில் செய்தி வந்தபோது, இனி இந்த பேண்ட் அவ்வளவுதான் என்று முடிவு கட்டியவர்களில் நானும் ஒருவன். அடுத்த ஜனவரியில் அவர்களுடைய 'பிரைட்டர் தேன் கிரியேஷன்ஸ் டார்க்' ஆல்பம் வெளிவந்தது. கேட்க மனம் வராமல் பல நாள் தள்ளிப்போட்டேன். இன்று அவர்களுடைய ஆல்பங்களில் எதை அதிகம் கேட்கிறேன் என்றால் இதைத்தான். ஏன் என்று எழுத ரொம்ப நாளாக ஆசை.

இவர்களைத் தெரியாதவர்களுக்கு முதலில் கொஞ்சம். பேட்டர்சன் ஹுட், மைக் கூலி இருவரும் அலபாமாவின் வடக்கு மூலையில், டென்னசி ஆற்றங்கரையில் இருக்கும் மசில் ஷோல்ஸ் பக்கத்துப் பையன்கள். 1985-லிருந்து சேர்ந்து வாசிக்கிறார்கள். இந்த பேண்டைத் தொடங்கியது 1996-ல், பக்கத்து மாநிலமான ஜார்ஜியாவின் ஏதென்ஸ் நகரத்தில். சதர்ன் ராக், அதாவது அமெரிக்கத் தெற்கு மாநிலங்களின் ராக் இசை என்றாலே எல்லாருக்கும் நினைவுக்கு வரும் லினர்ட் ஸ்கினர்ட் பேண்டின் கதையை வைத்து 2001-ல் ஒரு இரட்டை ஆல்பம் போட்டார்கள். அந்தச் சுற்றுப்பயணத்தின் நடுவில்தான் இஸ்பெல் வந்து சேர்ந்தார். வயது 22. அவரும் அதே பக்கத்து ஆள்தான்.

அந்தப் பையன் எழுதிய பாட்டுகளைக் கேட்டால் 22 வயது என்று யாரும் நம்பமாட்டார்கள். 'அவுட்ஃபிட்' என்று ஒன்று, ஒரு அப்பா மகனுக்குச் சொல்லும் புத்திமதி. ஊரை மறக்காதே, நீ யார் என்பதை விட்டுக்கொடுக்காதே, உடன்பிறந்தவள் பிறந்தநாளுக்கு வீட்டுக்கு போன் போடு, இப்படியே போகும். பெரிய தத்துவம் எதுவும் கிடையாது, ஆனால் கடைசியில் தொண்டை அடைத்துவிடும். ஹுட் கதைசொல்லி, பக்கம் பக்கமாகப் பேசுவார். கூலி நாலே வரியில் குத்திவிட்டு நகர்ந்துவிடுவார். இஸ்பெல்லிடம் இருந்தது மெட்டு. 2003-லும் 2004-லும் வந்த இரண்டு ஆல்பங்களில் இந்த மூன்று பேரும் ஒருவரை ஒருவர் முந்தப் பார்க்கிற மாதிரி எழுதினார்கள், அந்த மாதிரி ஒரு காலம் ஒரு பேண்டுக்கு இரண்டாவது முறை வாய்க்குமா என்ன.

பிரிவு சுமுகமாக நடந்ததாக அப்போது சொன்னார்கள். ஆனால் உள்ளே இஸ்பெல்லின் குடி ஒரு பக்கம். இன்னொரு பக்கம், பேஸ் கிட்டார் வாசித்த ஷோனா டக்கர் இஸ்பெல்லின் மனைவி, அந்தக் கல்யாணமும் முறிந்துகொண்டிருந்தது. ஒரே பஸ்ஸில் ராத்திரி பகலாகப் பயணம் செய்கிறவர்கள். இஸ்பெல் போனார், ஷோனா இருந்தார்.

இதற்குப் பிறகு அவர்கள் செய்த ஒரு காரியம் எனக்கு மிகவும் பிடிக்கும். இஸ்பெல் இடத்தில் வேறொரு இளம் கிட்டார்காரரைப் பிடித்துப் போடவில்லை. சத்தத்தைக் குறைத்தார்கள். மூன்று கிட்டார் அலறும் பேண்ட் அது, ஆனால் 2007-ல் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பெரும்பாலும் அகூஸ்டிக் கிட்டார்களோடு ஊர் ஊராகப் போனார்கள். 'தி டர்ட் அண்டர்நீத்' என்று அந்தச் சுற்றுக்குப் பெயர். கூட ஸ்பூனர் ஓல்டமையும் அழைத்துப் போனார்கள். மசில் ஷோல்ஸ் ஸ்டுடியோக்களில் கீபோர்டு வாசித்த பழைய கை அவர். பெர்சி ஸ்லெட்ஜின் 1966 பாட்டில் அழுதுகொண்டே போகிற அந்த ஆர்கன் இவர் வாசித்தது, அரீதா பிராங்ளினுக்கு 1967-ல் வழியைத் திறந்துவிட்ட பாட்டின் தொடக்கத்தில் வரும் எலக்ட்ரிக் பியானோவும் இவருடையதே. ஹுட்டின் அப்பா டேவிட் ஹுட்டும் அதே ஊர் ஸ்டுடியோக்களில் பேஸ் வாசித்துப் பேர் வாங்கியவர். ஒரு ஆள் கழன்றுகொண்டதும் இவர்கள் புதுசாக எதையும் தேடி ஓடவில்லை, அப்பா காலத்து ஆளிடம் போய் நின்றார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் மனசு இளகிவிடும்.

அந்தப் பயணத்தில் உருண்டு திரண்ட பாட்டுகளைத்தான் தயாரிப்பாளர் டேவிட் பார்பியோடு ஏதென்ஸில் உட்கார்ந்து பதிவு செய்தார்கள். மொத்தம் 19. ஹுட் 9, கூலி 7, ஷோனா 3.

ஆமாம், ஷோனா 3. அதுவரை அவர் இந்த பேண்டில் தன் பாட்டு என்று ஒன்றைக்கூடப் பதிவு செய்ததில்லை.

முதல் தடவை கேட்டபோது என்னை அசைத்தது நாலாவது பாட்டு, 'ஐ'ம் சாரி ஹூஸ்டன்'. அதற்கு முந்தைய பாட்டில் ஹுட் கடன், குடும்பம், வேலை என்று எல்லாவற்றையும் தலையில் சுமந்துகொண்டு நேர்வழியில் போகப் பார்க்கிற ஒரு மனுஷனைப் பற்றிக் கத்தித் தீர்த்திருப்பார். அது அடங்கியதும் ஒரு பெண் குரல். அலபாமா நாக்கு, சொல்லை இழுத்து இழுத்து விடுகிற பேச்சு, கொஞ்சமும் மெருகு போடாத குரல். மேடை ஓரத்தில் நின்று பேஸ் வாசித்துக்கொண்டிருந்தவர் நடுவில் வந்து நின்று பாடுகிறார். நான் உண்மையைச் சொல்கிறேன், அந்த நிமிடம் வரைக்கும் ஒவ்வொரு பாட்டிலும் இஸ்பெல் இருந்திருந்தால் எப்படி இருக்கும் என்றே கேட்டுக்கொண்டிருந்தேன். அந்தப் பாட்டில் அது நின்றுவிட்டது.

ஜான் நெஃபின் பெடல் ஸ்டீலைப் பற்றியும் சொல்ல வேண்டும். தொடக்க கால ஆல்பங்களிலேயே வாசித்தவர், இந்த ஆல்பத்தில் முழு உறுப்பினராகிவிட்டார். பெடல் ஸ்டீலைப் பார்த்திருக்கிறீர்களா? மேஜை மாதிரி கால் வைத்து நிற்கும், வாசிப்பவர் அதன் முன்னால் உட்கார்ந்திருப்பார். இடது கையில் இரும்புத் துண்டு, அது கம்பிகளின் மேல் வழுக்கிக்கொண்டே போகும், வலது கை விரல்களில் கவசம் மாட்டி மீட்ட வேண்டும். கீழே பாதம் பெடலை அமுக்கும், முழங்கால் பக்கவாட்டில் ஒரு நெம்புகோலைத் தள்ளும். ஒலித்துக்கொண்டிருக்கும் கம்பியின் சுருதி அப்படியே வளைந்து ஏறும், இறங்கும். ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்குப் படி வைக்காமல் சறுக்கிப் போகிற அந்த ஒலி, கமகத்தில் ஊறின நம் காதுக்குச் சட்டென்று பிடித்துப்போகும். இஸ்பெல்லின் ஸ்லைடு கிட்டார் முன்னால் வந்து நிற்கும். நெஃபின் ஸ்டீல் பின்னால் நின்று பாடுகிறவருக்குத் தோள் கொடுக்கும். வித்தியாசம் அவ்வளவுதான், ஆனால் ஆல்பத்தின் முகமே அதில் மாறிவிட்டது.

தொடக்கப் பாட்டைப் பற்றி எழுதத் தயக்கமாக இருக்கிறது. 2006 புத்தாண்டு தினத்தில் வர்ஜீனியாவின் ரிச்மண்டில் பிரையன் ஹார்வி என்ற இசைக்கலைஞரும் மனைவியும் இரண்டு பெண் குழந்தைகளும் தங்கள் வீட்டிலேயே கொல்லப்பட்டார்கள். ஹுட் கொலையைப் பாடவில்லை. இறந்துபோன ஒருவர், மேலே போய்ச் சேர்ந்த பிறகு, வீட்டை நினைத்துப் பார்க்கிறார். மனைவி, விடிந்ததும் படுக்கையில் வந்து விழுகிற குழந்தைகள், அவ்வளவுதான். பாஞ்சோ தணிவாக ஒலிக்கிறது. ராக் ஆல்பத்தை இப்படி ஆரம்பிக்கத் துணிச்சல் வேண்டும்.

கூலி ஒரே ஆல்பத்துக்கு 7 பாட்டு தருவார் என்று நான் எதிர்பார்க்கவேயில்லை, எப்போதும் அளந்து தருகிற ஆள். 'பாப்' என்ற குட்டிப் பாட்டில் ஒரு கிராமத்து மனிதர், அம்மாவைப் பார்த்துக்கொள்கிறார், மீன் கடிக்காத ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சுக்குப் போகிறார். இன்னொன்றில் 1990 வாக்கில் புது அலை வந்து பழைய ஹேர் மெட்டல் ஆட்களை, அதாவது முடியைப் பெரிதாக வளர்த்துக்கொண்டு பளபளப்பாக ஆடிய ராக் கூட்டத்தை, ஓரங்கட்டிய காலம், அடகுக்கடையெல்லாம் கூட்டம். சிரிக்க வைத்துக்கொண்டே வலிக்க வைப்பார்.

குறை இல்லாமல் இல்லை. 19 பாட்டு அதிகம். இரண்டு மூன்றை நான் என்றால் எடுத்திருப்பேன், போதைப்பொருளைப் பற்றிய 16-வது பாட்டை இப்போதும் தாண்டித்தான் போகிறேன்.

ஆனால் 12, 13, 14, இந்த மூன்றையும் யாரும் பிரித்துக் கேட்கக் கூடாது. முதலாவதில், போரில் தன்னைச் சுட வந்தவனைச் சுட்டுக் கொன்ற ஒரு சிப்பாய், செத்தவன் முகத்தை மறக்க முடியாமல் கிடந்து தவிக்கிறான். கிட்டார்கள் காதைக் கிழிக்கும். அது முடிந்ததும் ஷோனாவின் 'தி பர்கட்டரி லைன்'. மோட்சத்துக்குப் போகுமுன் ஆன்மாக்கள் காத்திருக்கும் இடத்தைக் கத்தோலிக்க வீட்டுப் பாட்டிகள் உத்தரிக்கிற ஸ்தலம் என்பார்களே, அங்கே வரிசையில் காத்துக்கொண்டு நிற்கிற பாட்டு. மெதுவாக, ரொம்ப மெதுவாக. அதற்கடுத்து, ஈராக் போன கணவனுக்காக வீட்டில் காத்திருக்கும் மனைவியைப் பற்றி ஹுட் எழுதிய பாட்டு. சுட்டவனுக்கும் காத்திருப்பவளுக்கும் நடுவில் ஷோனாவின் குரல் இருக்கிறது. இஸ்பெல் இருந்த காலத்தில் அந்த இடத்தில் கட்டாயம் அவருடைய பாட்டுதான் வந்திருக்கும், நல்ல பாட்டாகவும் இருந்திருக்கும். ஆனால் ஷோனா தன்னுடைய மூன்று பாட்டையும் பாடியே இருக்கமாட்டாரோ என்று நினைக்கும்போது எனக்கு என்னவோ போலிருக்கிறது.

பிறகு நடந்தது பலருக்கும் தெரியும். இஸ்பெல் 2012-ல் சிகிச்சைக்குப் போய்க் குடியை விட்டார், 2013-ல் 'சவுத்ஈஸ்டர்ன்' போட்டார், இன்று பழைய பேண்டை விடப் பெரிய பெயர். அதைக் கேட்டு நானும் சந்தோஷப்பட்டேன். ஷோனா 2011 கடைசியில் விலகினார். அதைப் பற்றி அவ்வளவாக யாரும் எழுதவில்லை. இஸ்பெல் போனதற்கு நான் போட்ட புலம்பலில் பாதிகூட அவருக்காகப் போடவில்லை.

நேற்று ராத்திரி மறுபடியும் ஹெட்போன் மாட்டி முதலிலிருந்து போட்டேன். மூன்றாவது பாட்டு முடிந்து ஒரு சின்ன இடைவெளி. ஸ்டீல் மெல்ல எழும்பியது. ஷோனா பாட ஆரம்பித்தார், நான் விளக்கை அணைத்துவிட்டேன்.