"எடையைக் குறைங்க" என்றார், எப்படி என்று சொல்லவில்லை

முழங்கால் தேய்மானத்துக்கு முதலில் பார்த்த மருத்துவர் எக்ஸ்ரேயைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "எடையைக் குறைங்க, தினமும் ஒரு மணி நேரம் நடங்க" என்றார். அடுத்த டோக்கனைக் கூப்பிட்டாயிற்று. நாற்காலியிலிருந்து எழவே கையை ஊன்றுகிற ஆள் ஒரு மணி நேரம் எப்படி நடப்பது? வலிக்கிறதென்று உட்கார்ந்தால் எடை ஏறுகிறது, ஏறினால் இன்னும் வலிக்கிறது. இதிலிருந்து வெளியே வரத்தான் வழி கேட்டுப் போயிருந்தேன். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

அந்த எக்ஸ்ரேயும் வீண். படுக்க வைத்து எடுத்திருந்தார்கள். உடல் பாரம் இறங்கும்போது மூட்டு இடைவெளி எவ்வளவு குறைகிறது என்பது நின்றபடி எடுத்தால்தான் சரியாகத் தெரியும் என்று அடுத்த மருத்துவர் திருப்பி அனுப்பினார். மறுபடி வரிசை, மறுபடி கட்டணம். சீட்டில் 'நின்ற நிலையில்' என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போங்கள்.

பொறுமையாக விளக்கியவர் பிசியோதெரபிஸ்ட்தான். சமதரையில் நடந்தாலே முழங்காலில் உடல் எடையைப் போல இரண்டு மூன்று மடங்கு பாரம் விழுமாம், படியில் அதைவிட அதிகம். பருமனாக இருந்த முதியவர்களிடம் செய்து 2005இல் வெளியான ஆய்வு ஒன்றில், உடலில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்காலுக்குச் சுமார் நான்கு கிலோ பாரம் குறைந்திருக்கிறது. அதைக் கேட்டதும் எனக்குத் தெம்பு வந்தது. ஒல்லியாகிவிட வேண்டியதில்லை, கொஞ்சம் குறைந்தாலே கால் உணரும். பாரம் மட்டுமே காரணமும் இல்லை. கொழுப்புத் திசு சுரக்கும் சில பொருட்கள் மூட்டில் அழற்சியை, அதாவது வீக்கத்தையும் வலியையும், தூண்டுகின்றன. உடம்பைத் தாங்காத கைவிரல் மூட்டுகளிலும் பருமனானவர்களுக்குத் தேய்மானம் கூடுதலாக வருவதற்கு அதுவும் ஒரு காரணம் என்கிறார்கள்.

உணவுத் திட்டம் சிக்கலில்லாமல் போனது. ஆனால் பட்டினி கிடந்து வேகமாகக் குறைக்காதீர்கள். கொழுப்போடு தொடைத் தசையும் கரையும், முழங்காலைப் பிடித்து நிறுத்துவதே அந்தத் தசைதான். அதனால் எனக்கு முதலில் நடை இல்லை. படுத்தபடி காலை நீட்டித் தூக்குவது, அப்புறம் உயரமான நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, அதற்குப் பிறகுதான் சிறுசிறு நடைகள். கையை ஊன்றாமல் எழுந்த அன்று வீட்டில் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

இன்னொன்று. கைத்தடியை வலிக்கிற பக்கமே பிடிக்கிறவர்களை நிறையப் பார்க்கிறேன். வலிக்காத பக்கத்துக் கையில் பிடியுங்கள். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற கால் முதலில்.