கடலின் தொண்டை வழியாக ஒரு படகுப் பயணம்

வரைபடத்தில் ‘பாஸ்பரஸ்’ ஜலசந்தி என்று பார்த்துவிட்டு இஸ்தான்புல்லுக்குப் போகிறோம். அங்கே அந்தப் பெயரைச் சொல்பவர்கள் குறைவு. ஊர்க்காரர்களுக்கு அது ‘போவாஸ்’. எந்த போவாஸ் என்று யாரும் கேட்பதில்லை.

துருக்கி மொழியில் போவாஸ் என்றால் தொண்டை. இருமல் வந்து மருந்துக்கடைக்குப் போனாலும் இதே சொல்தான். கூலியில்லாமல் சோற்றுக்கு மட்டும் உழைப்பதைத் ‘தொண்டை நிறைவதற்கு உழைப்பது’ என்கிறார்கள். நாம் வயிற்றுப்பாடு என்கிற இடத்தில் அவர்களுக்குத் தொண்டை வருகிறது. கடலோடு நிற்காமல் மலைக்கும் இந்தச் சொல் போகிறது: டாரஸ் மலைத்தொடரில் இருக்கும் கணவாய்க்குப் பெயர் கூலெக் போவாஸி. நாம் கணவாய், ஜலசந்தி என்று பிரித்து வைத்திருப்பதை அவர்கள் ஒரே சொல்லில் அடக்கிவிட்டார்கள். நம் ஜலசந்தி, நீரிணை இரண்டுமே நீர் சேர்வதைச் சொல்கின்றன. துருக்கிச் சொல் குறுகலைச் சொல்கிறது.

எவ்வளவு குறுகல் என்பது படகில் ஏறினால்தான் புரியும். எமினோனு துறையிலிருந்து வடக்கே போகும் பொதுப் படகில் ஏறுங்கள். சுற்றுலாப் படகுகளைவிட இது எனக்குப் பிடித்ததற்குக் காரணம் உள்ளே இருக்கும் கூட்டம். ஒருவர் தட்டு நிறைய இடை சிறுத்த கண்ணாடிக் குவளைகளில் தேநீர் கொண்டுவருகிறார். பால் கிடையாது, சாசரில் சர்க்கரைக் கட்டிகள். ஒரு பக்கம் ஐரோப்பா, மறுபக்கம் ஆசியா, நடுவே நாம்.

மொத்த நீளம் ஏறத்தாழ 30 கிலோமீட்டர். மிகக் குறுகிய இடத்தில் அகலம் 700 மீட்டர்தான். அங்கே இரண்டு கரைகளிலும் எதிரெதிரே இரண்டு கோட்டைகள். ஆசியக் கரையில் உள்ளதை ஒட்டோமான் சுல்தான் முதலாம் பாயஸித் கட்டினார். அவருடைய கொள்ளுப்பேரன் இரண்டாம் மெஹ்மத் 1452இல் எதிர்க்கரையில் ரூமெலி ஹிசாரைக் கட்டினார். அதற்கு அன்றைய பெயர் போவாஸ்கெசென். ஜலசந்தியை அறுப்பது என்றும் பொருள், தொண்டையை அறுப்பது என்றும் பொருள். அது வெறும் பெயராக இருக்கவில்லை. நிற்காமல் போன வெனிஸ் கப்பல் ஒன்றை அதே ஆண்டு பீரங்கியால் மூழ்கடித்தார்கள். அடுத்த ஆண்டு கான்ஸ்டான்டிநோபிள், அதாவது இன்றைய இஸ்தான்புல், மெஹ்மதிடம் வீழ்ந்தது.

இந்தத் தண்ணீரில் என்னை அதிகம் வியக்கவைத்தது கண்ணுக்குத் தெரியாத ஒன்று. மேலே ஓடும் நீர் கருங்கடலிலிருந்து தெற்கே மர்மராக் கடலுக்குப் போகிறது. அடியில் ஓடும் நீர் வடக்கே போகிறது. டான்யூப் போன்ற பெரிய ஆறுகள் கலப்பதால் கருங்கடலில் உப்பு குறைவு. அந்த நீர் எடை குறைந்தது, அதனால் மேலே ஓடுகிறது. மத்தியதரைக் கடலிலிருந்து வரும் உப்பு நீர் கனமானது, அடியில் புகுந்து எதிர்த்திசையில் நகர்கிறது. உள்ளூர் மீனவர்களுக்கு இது முன்பே தெரியும். அவர்களிடம் கேட்டறிந்த இத்தாலியர் மார்சிலி, வெள்ளை பூசிய தக்கைகள் கட்டிய கயிற்றை ஆழத்தில் இறக்கிப் பார்த்து, 1681இல் எழுதி வெளியிட்டார்.

சரி, கப்பல்களுக்கு வருவோம். கருங்கடலிலிருந்து வெளிக்கடலுக்கு வரும் எந்தக் கப்பலுக்கும் இதுதான் வழி; அப்புறம் சானக்காலே போவாஸி, அதாவது டார்டனெல்ஸ் ஜலசந்தி. இரண்டையும் சேர்த்து ‘போவாஸ்லார்’ என்பார்கள். 1936ஆம் ஆண்டு மோன்த்ரோ உடன்படிக்கைதான் இன்றும் இவற்றின் சட்டம். வணிகக் கப்பல்களுக்குத் தடையில்லை, போர்க்கப்பல்களுக்குக் கட்டுப்பாடு உண்டு. பழைய மரமாளிகைகளை ஒட்டி ஒரு எண்ணெய்க் கப்பல் திரும்புவதைப் பார்த்தபோது எனக்கு நெஞ்சு படபடத்தது.

கரையெங்கும் தூண்டிலோடு ஆட்கள். இலையுதிர்காலத்தில் லூஃபர் மீன் கருங்கடலிலிருந்து இந்த வழியாகத்தான் தெற்கே இறங்கும். அளவுக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள்: மிகச் சிறியது ‘பிரிஞ்சி இலை’, அடுத்து சினேகோப், பிறகு சாரிகனாத், நன்றாக வளர்ந்தது லூஃபர், அதற்கும் பெரியது கோஃபானா. முட்டையிடும் முன்பே குஞ்சுகளைப் பிடித்துத் தீர்ப்பதால் பெரிய மீன் அருகிவிட்டது. அக்டோபரில் போனால் சுட்ட லூஃபர் சாப்பிடுங்கள். சினேகோப் கொண்டுவந்து வைத்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.