பத்து நாள் மாத்திரை

மெடிக்கல் கடையில் ஹெச்1 பதிவேடு என்று ஒன்று இருக்கும். 2014 மார்ச்சிலிருந்து கட்டாயம். அல்பிரசோலம், டயசிபாம் மாதிரி பதற்றத்துக்கும் தூக்கத்துக்கும் போடுகிற மாத்திரை கொடுத்தால், வாங்கியவர் பெயர், எழுதிய டாக்டர் பெயர், எத்தனை மாத்திரை என்று குறித்து மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். போன தை மாதம் ஒரு ராத்திரி, என் மெடிக்கல் கடையைச் சாத்திய பிறகு, அதில் என் அம்மாவின் பெயரை எண்ணினேன். 31 இடத்தில் இருந்தது. அத்தனையும் என் கையெழுத்து.

அப்பாவுக்குக் காரியம் முடிந்த அன்றுதான் ஆரம்பம். அம்மா பதினாறு நாளும் சரியாகத் தூங்கவில்லை. அழவும் இல்லை, சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். தெரிந்த டாக்டர் ஒருவர் அல்பிரசோலம் 0.25 மில்லிகிராம் எழுதினார். ராத்திரி ஒன்று, பத்து நாள். சீட்டில் 10 என்று தெளிவாகவே இருந்தது. பத்து நாள் முடிந்ததும் அம்மா, "ஏய்யா, அதைப் போட்டாத்தான் கண்ணு அசருது, இன்னொரு அட்டை கொண்டாந்துரு" என்றார். கொண்டுபோனேன். அன்றைக்கு நிறுத்தியிருக்க வேண்டியவன் நான்.

புருஷனை இழந்த துக்கத்தில் தூக்கம் போவது வியாதி இல்லை. வேறு மனநோய் எதுவும் இல்லாதவர்களுக்கு, துக்கத்துக்காக இந்த வகை மாத்திரைகளைக் கொடுக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2013-லேயே சொல்லிவிட்டது. மூளையை அமைதிப்படுத்தும் காபா என்ற வேதிப்பொருளுக்கு இந்த மாத்திரை கைகொடுக்கிறது. வாரக்கணக்கில் போட்டால் மூளை அதற்குப் பழகிவிடும், அதே அளவு போதாமல் போகும். அம்மாவுக்கும் இரண்டாம் வருடம் 0.5 ஆனது.

அந்த மார்கழியில் அம்மா வாசலில் பதினைந்து புள்ளிக் கோலம் போட்டுக்கொண்டிருந்தார். கண்ணை மூடிக்கொண்டு போடுகிற கோலம் அது. நாலாவது வரிசையில் ஒரு புள்ளி கூடிவிட்டது. காலால் அழித்துவிட்டுத் திரும்ப வைத்தார், மறுபடியும் தப்பு. மூன்றாவது தடவை மாவுக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். சொன்னதையே திரும்பச் சொன்னார், அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்தார். வேறொரு டாக்டரிடம் கூட்டிப்போனோம். மறதி நோயாக இருக்கலாம் என்று டோனெபெசில் எழுதினார். ஏற்கெனவே என்ன மாத்திரை ஓடுகிறது என்று அவர் கேட்கவில்லை. பக்கத்தில் நின்ற நானும் சொல்லவில்லை. தூக்க மாத்திரையை ஒரு மருந்தாகவே நான் கணக்கில் எடுத்திருக்கவில்லை. டோனெபெசில் சிலருக்குத் தூக்கத்தைக் கெடுக்கும், கெட்ட கனவு வரும். அம்மாவுக்கு வந்தது. ஒரு மாத்திரை செய்ததைச் சரிக்கட்ட இன்னொன்று, அதைச் சரிக்கட்ட முதல் மாத்திரையில் இன்னும் பாதி.

அப்புறம் ஒரு விடிகாலை பாத்ரூம் போக எழுந்து, தள்ளாடி விழுந்து, மணிக்கட்டு முறிந்தது. 65 வயது தாண்டியவர்களுக்கு இந்த மாத்திரைகளைத் தவிர்க்கச் சொல்லும் அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கத்தின் பட்டியல், விழுவதையும் எலும்பு முறிவதையும் காரணமாகச் சொல்கிறது. அம்மாவுக்கு அப்போது 68.

விஷயம் தெரிந்ததும் தம்பி கோபத்தில் அட்டையைத் தூக்கிச் சாக்கடையில் போட்டுவிட்டான். அதுதான் இருந்ததிலேயே ஆபத்தான காரியம். இரண்டாம் நாள் அம்மாவின் கை நடுங்கியது, சேலை நனைய வேர்த்தது, தூக்கம் துளியும் இல்லை. இதை மாதக்கணக்கில் போட்டவர்கள் திடீரென்று நிறுத்தினால் வலிப்புகூட வரும். படிக்கிறவர்கள் வீட்டில் யாராவது போட்டுக்கொண்டிருந்தால், தயவுசெய்து நீங்களாக நிறுத்தாதீர்கள்.

எங்களை மீட்டது அரசு ஆஸ்பத்திரியில் ஒரு மனநல டாக்டர். மாத்திரைகளை எல்லாம் பையோடு கொண்டுவரச் சொல்லி, மேசையில் கொட்டி, ஒவ்வொன்றாக எதற்கு, எப்போதிலிருந்து என்று கேட்டார். நாற்பது நிமிடம் ஆனது. டோனெபெசிலை நிறுத்தினார். அல்பிரசோலத்தைத் திரும்ப ஆரம்பித்து, மூன்று வாரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார். பழைய பேப்பரை விரித்து, பிளேடால் 0.25 மாத்திரையை நான்தான் பாதியாக வெட்டுவேன். கடைசிப் பாதியையும் நிறுத்த நாலரை மாதம் ஆனது.

மனநல மருந்தே விஷம் என்று நான் எழுதவில்லை. என் கடைக்கு லித்தியம் வாங்க வரும் ஒருவர் அதன் தயவில்தான் இருபது வருடமாக வேலைக்குப் போகிறார். எனக்கு ஆத்திரம், தொடங்கத் தேதி இருக்கிறது, நிறுத்தத் தேதி இல்லை என்பதில்தான். போன வாரம்கூட ஒருவர் மடிப்பில் கிழிந்த ஒரு பழைய சீட்டை நீட்டினார். "அண்ணே, இதை எழுதி ரெண்டு வருஷம் ஆச்சு, டாக்டரைப் பார்த்துட்டு வாங்க" என்றேன். எதிர்க் கடைக்குப் போய்விட்டார்.

அம்மாவுக்குக் கோலப் புள்ளி இப்போது தப்புவதில்லை. தூக்கம் நாலு மணி நேரம்தான். மூன்று மணிக்கு எழுந்து திண்ணையில் உட்கார்ந்து அப்பாவைப் பற்றிப் பேசுகிறார், அழுகிறார். அந்த மூன்று வருடத்தில் ஒருநாள்கூட அழாதவர். நானும் எழுந்துபோய்ப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன்.